மெஷினுக்கு வெச்ச பொட்டு

"ஒரு தாளு, ஒரு கையெழுத்து. அவ்ளோதான் மேட்டரு. இதுக்குப் போயி எதுக்கும்மா இம்மாம் பேஜாரு?"

பார்த்தசாரதி காபி டம்ளரை மேசையில் நங்கென்று வைத்தார். வெள்ளிக்கிழமை காலை. செங்கல்பட்டு வீட்டில் சாம்பிராணிப் புகை இன்னும் அடங்கவில்லை. அதற்குள் ஆரம்பித்துவிட்டார் மனுஷன்.

கண்ணகி உட்காரவில்லை. நின்றபடியே அந்தத் தாள்களைப் புரட்டினாள். 'பணியிடப் பாதுகாப்பு மற்றும் உடல்நலக் கொள்கை' என்று மேலே கொட்டை எழுத்து. எங்கிருந்தோ சுட்டுக்கொண்டு வந்த சரக்கு.

"மாமா, மூணாவது பக்கத்துல 'சர்க்கரைப் பாகு காய்ச்சும் அண்டா அருகே ஈரம் இருக்கக் கூடாது'ன்னு போட்டுகீது. நம்ம பட்டறையில எங்க மாமா பாகு காய்ச்சுறாங்க?"

"எவனோ மிட்டாய்க் கம்பெனிக்காரன் எழுதுனது. அதை எடுத்துட்டு நம்ம பேரைப் போடு. திங்கக்கிழமை கார் கம்பெனிலேர்ந்து செக் பண்ண வர்றவன் உக்காந்து படிக்கவா போறான்? பாலிசி கீதா, கீது. முடிஞ்சுது."

"கடைசிப் பக்கம்? 'தொழிலாளியின் அஜாக்கிரதையால் நடக்கும் விபத்துக்கு நிர்வாகம் பொறுப்பல்ல.' இது மிட்டாய்க் கம்பெனி எழுதுனதா தெரியலையே. இது நம்ம வூட்டுல வெந்ததாட்டம் கீது."

பார்த்தசாரதியின் முகம் கறுத்தது. "வாய் நீளுது. கீழ 'பாதுகாப்புப் பொறுப்பாளர்'னு ஒரு கோடு கீது பாரு. அதுல உன் கையெழுத்தைப் போடு. பீ.காம் படிச்சவ, கம்பெனில வேலை பாத்தவ. வேற யாரு போடுவா?"

அடேயப்பா, என்ன தாராளம்! இத்தனை வருஷத்தில் பட்டறையில் ஒரு நாற்காலி இழுத்துப் போட்டு 'உக்காரும்மா' என்று சொல்லாதவர், இன்றைக்குப் பொறுப்பைத் தாம்பாளத்தில் வைத்து நீட்டுகிறார். நாளைக்கு எவன் கையாவது போனால், 'பொறுப்பு அவதான்' என்று விரலைக் காட்டிவிடலாம் இல்லையா? கண்ணகி பச்சைக் குழந்தை இல்லை. அவளுக்குப் புரிந்தது.

புரிந்தும் ஏன் மறுக்கவில்லை என்றால், அதற்கு ஒரே காரணம் ஜெயக்குமார்.

ஜெயக்குமார் அவள் புருஷன், பார்த்தசாரதியின் தம்பி. மறைமலைநகரில் கார் கம்பெனிகளுக்குத் தகடு அடித்துக் கொடுக்கும் பிரஸ் பட்டறை அண்ணன் தம்பி இரண்டு பேருக்கும் சொந்தம்; அதிகாரம் மட்டும் பெரியவர் கையில். போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, இரண்டாம் நம்பர் பிரஸ் ஜெயக்குமாரின் வலது கையில் இரண்டு விரலைத் தின்றுவிட்டது. 'குடிச்சிட்டு கைய வெச்சான்' என்று ஊர் முழுக்கப் பேச்சு. அந்தப் பேச்சைப் பற்ற வைத்தவர் இதோ காபி குடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். அவர் சாயம் போன வாரமே வெளுத்துவிட்டது.

வெளுத்து என்ன பயன்? ஜெயக்குமார் ஒரு வார்த்தை மறுக்கவில்லை. 'என் தப்புதான்' என்று சொல்லிவிட்டு, கட்டுப் போட்ட கையோடு மாமல்லபுரத்தில் சிநேகிதன் பன்னீர்செல்வத்தின் லாட்ஜுக்குப் போய் உட்கார்ந்துவிட்டான். இங்கே மகள் அனு பள்ளிக்கூடத்திலிருந்து அழுதுகொண்டு வருகிறாள். 'குடிகாரன் பொண்ணு' என்று எவளோ சொன்னாளாம். கேட்ட தாய்க்கு எப்படி இருக்கும்?

அவன் குடிப்பவன் இல்லை. அது அவளுக்குத் தெரியும். கை உள்ளே போனால் நின்றுவிட வேண்டிய மெஷின் ஏன் நிற்கவில்லை? அதுதான் தெரியாது. தெரிந்தே ஆக வேண்டும்.

"எழுதுறேன் மாமா," என்றாள். "ஆனா பாக்காம எழுத மாட்டேன். இன்னிக்கு பட்டறைக்கு வர்றேன்."

"வா, வா. வந்து சுத்திப் பாரு. மியூசியம் பாரு," என்றார் பார்த்தசாரதி.

பட்டறையில் பிரபா முன்னாலேயே வந்து பூஜையில் இறங்கியிருந்தாள். பிரபா பார்த்தசாரதியின் சம்சாரம், கண்ணகிக்கு ஓரகத்தி. வெள்ளி தவறாமல் ஆறு பிரஸ்ஸுக்கும் அவள் கையால் சந்தனம் குங்குமம் வைத்தால்தான் ஸ்விட்ச் போடுவார்கள். பழக்கம் அப்படி. முருகன் படத்துக்கு மாலை, மெஷினுக்குக் கதம்பம், எலுமிச்சம்பழம், எல்லாம் ஜோராக நடக்கும்.

"வந்துட்டாங்கய்யா ஆபீசரு," என்றாள் பிரபா, கிண்ணத்திலிருந்து கண்ணை எடுக்காமல். "பாத்து வா. எதையாவது தொட்டு நீயும் கைய விட்டுக்காத. உங்க வூட்டுக்கு ஒண்ணு போதும்."

கண்ணகி பல்லைக் கடித்தாள்.

இரண்டாம் நம்பர் பிரஸ் முன்னால் போய் நின்றாள். முன்பக்கம் இரண்டு ஓரத்திலும் இரண்டு மஞ்சள் கம்பம், கம்பம் நெடுக கருப்புக் கண்ணாடி. இதுதான் அந்தச் சென்சார். இந்தக் கம்பத்திலிருந்து அந்தக் கம்பத்துக்குக் கண்ணுக்குத் தெரியாத வெளிச்சம் போகும். நடுவில் கை போனால் வெளிச்சம் மறையும், மெஷின் அந்த நொடியே நிற்கும். வாங்கிய அன்றைக்கே ஜெயக்குமார் வீட்டில் வந்து பெருமையாகச் சொன்னது.

பிரபா வந்தாள். மோதிர விரலால் சந்தனத்தை வழித்து, பிரஸ்ஸின் நெற்றியில் ஒன்று வைத்தாள். பிறகு குனிந்து, இடது கம்பத்துக் கண்ணாடியில் ஒன்று, வலது கம்பத்துக் கண்ணாடியில் ஒன்று. மேலே குங்குமம். கெட்டிப் பொட்டு, எட்டணா அகலம்.

"அங்கயும் எப்பவும் வெக்கிறீங்களே, எதுக்குக்கா?"

"இதுதான் மெஷினுக்குக் கண்ணுன்னு விக்க வந்தவன் சொன்னான். கண்ணு வெச்சவனுக்குப் பொட்டு வெக்காம?" என்று அடுத்த மெஷினுக்குப் போய்விட்டாள்.

கற்பூரம் காட்டி முடிந்தது. மணி அடித்தார்கள். ஆபரேட்டர் ஜோஷ்வா இரண்டாம் நம்பருக்கு வந்து பட்டனை அழுத்தினார். மெஷின் அசையவில்லை. சிவப்பு விளக்கு எரிந்தது. அவர் அலட்டிக்கொள்ளவே இல்லை. நேரே முருகன் படத்துக்குப் போனார், படத்துக்குக் கீழே ஆணியில் தொங்கிய ஒரு சின்னச் சாவியை எடுத்தார், பக்கத்துப் பெட்டியில் போட்டுத் திருகினார். விளக்கு மஞ்சளானது. டங்... டங்... மெஷின் ஓட ஆரம்பித்தது.

"ஜோஷ்வாண்ணே, அது இன்னா சாவி?"

"சென்சாரை ஆஃப் பண்ற சாவி சின்னண்ணி. வெள்ளிக்கிழமைல இது போட்டாத்தான் ஓடும். மறுநாள் காலைல பொட்டு காஞ்சு வுழுந்தப்புறம் எடுத்துருவோம்."

கண்ணகி அந்த மஞ்சள் விளக்கைப் பார்த்தாள்.

"அப்ப இந்தச் சாவி போட்டுகீறப்போ கை உள்ள போனா?"

ஜோஷ்வா தலையைக் குனிந்துகொண்டார். "நிக்காது."

"ஏண்ணே, அந்தப் பொட்டைத் துடைச்சா முடிஞ்சுதே! உங்களுக்குத் தோணலையா?"

"தோணும் சின்னண்ணி. ஆனா யாரு துடைக்கிறது? பெரியண்ணி வெச்ச பொட்டு. அதுவும் நான் கிறிஸ்டியன். ஜோஷ்வா வந்து சாமி பொட்டை அழிச்சிட்டான்னு எவனாச்சும் கிளப்பிவுட்டா, நான் இந்தப் பக்கம் தலைகாட்ட முடியுமா? ஓனரே சொன்னாரு, எதுக்குடா வம்பு, சாவியைக் கைக்கு எட்டுற மாதிரி மாட்டிவுட்டுடறேன்னு."

சாவியை ஆபீஸ் பீரோவில் வைத்துப் பூட்ட வேண்டும் என்று மெஷின் விற்றவன் தலைதலையாக அடித்துக்கொண்டது கண்ணகிக்கு ஞாபகம் வந்தது. பீரோவில் வைத்தால் வெள்ளிக்கிழமை தோறும் எழுந்து வந்து திறக்க வேண்டுமே. அதற்குச் சோம்பேறித்தனம்! அந்தச் சோம்பேறித்தனத்துக்குத் தன் புருஷன் இரண்டு விரலைக் கொடுத்து, குடிகாரன் என்ற பட்டத்தையும் வாங்கியிருக்கிறான்.

"மெஷினை நிறுத்துங்கண்ணே."

"சின்னண்ணி..."

"நிறுத்துங்கன்றேன்!"

மெஷின் நின்றது. கண்ணகி முந்தானையை எடுத்தாள். இடது கண்ணாடி, வலது கண்ணாடி, இரண்டையும் அழுத்தித் துடைத்தாள். புடவையில் செக்கச்செவேல் என்று ஒட்டியது. "இப்ப சாவி இல்லாம போடுங்க."

பட்டனை அழுத்தினதும் டங்கென்று இறங்கியது பிரஸ். பச்சை விளக்கு. பட்டறையே வேலையை விட்டுவிட்டுப் பார்த்தது.

"அடிப் பாவி!" பிரபா கிண்ணத்தோடு ஓடி வந்தாள். "நான் வெச்ச குங்குமத்தை அழிக்கிறியா? வெள்ளிக்கிழமையும் அதுவுமா? நீ உருப்படுவியா?"

"இந்தப் பொட்டாலதான்க்கா அவரு கை போச்சு! குடிச்சிட்டு வெச்சாரு குடிச்சிட்டு வெச்சாருன்னு தெருத்தெருவா சொன்னீங்களே, புருஷனும் பொண்டாட்டியும்! பொட்டு வெச்சது நீங்க. சாவி மாட்டுனது அவரு. பழி என் புருஷன் தலையில!"

பிரபா கத்தவில்லை. அதுதான் பயமாக இருந்தது. கிண்ணத்தைக் கீழே வைத்தாள், இடுப்பில் கை வைத்தாள், நிதானமாகக் கேட்டாள்.

"அன்னிக்கு பூஜை பண்ணது யாருடி?"

கண்ணகி அந்தக் கிண்ணத்தைப் பார்த்தாள்.

"நான் மகாபலிபுரத்துல எங்க சித்தி பொண்ணு கல்யாணத்துல இருந்தேன். நீ போயி பாத்துக்கன்னு உங்கிட்டதான் கிண்ணத்தைக் குடுத்துட்டுப் போனேன். ஆஸ்பத்திரில நின்னுகினு எல்லார்கிட்டயும் சொன்னியே, 'என் கையால பூஜை பண்ணேன், அதான் உசுரு தப்பிச்சுது'ன்னு. மறந்துட்டியா? மறந்துட்டா சொல்லு, சாட்சிக்கு ஆளு கீது."

மறக்கவில்லை. எப்படி மறக்கும்? ஆத்திரத்தில் அதையும் இந்தச் சாவியையும் சேர்த்துப் பார்க்கத்தான் தோன்றவில்லை. அந்தப் பூஜையைத்தானே இத்தனை நாளாகப் புண்ணியம் என்று நெஞ்சில் வைத்துக்கொண்டிருந்தாள்! பெரியவள் வைக்கிற மாதிரியே, அதே இடத்தில், அதே கெட்டியாக, இரண்டு கண்ணாடியிலும். வைத்துவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டாள். மெஷின் ஓடுவதைப் பார்க்க அவள் நின்றதே இல்லை. பிரஸ்ஸைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

பிரபா கிண்ணத்தை எடுத்தாள். துடைத்த இடத்திலேயே முன்னை விடப் பெரிதாக இரண்டு பொட்டு வைத்தாள். "இப்ப அழி பாக்கலாம்," என்றாள்.

பார்த்தசாரதி ஆபீஸ் ரூமுக்குக் கூப்பிட்டார். கதவைச் சாத்தினார். குரல் வெல்லமாக இருந்தது.

"நடந்தது நடந்துபோச்சு. பொண்டாட்டி வெச்ச பொட்டுதான் கைய வாங்குச்சுன்னு நாலு பேரு பேசுனா உனக்கு நல்லாவா கீது? உன் பொண்ணு காதுக்குப் போனா? வேணாம்மா. நீ கையெழுத்தைப் போடு, வாயை மூடிக்க. நானும் மூடிக்கிறேன்."

"இல்லன்னா?"

"இல்லன்னா நான் சொல்ல வேண்டிய எடத்துல சொல்லிடுவேன். முதல்ல உன் புருஷன்கிட்ட."

கண்ணகி பேனாவை எடுத்தாள். பாதுகாப்புப் பொறுப்பாளர் என்ற கோட்டின் மேல் கையெழுத்துப் போட்டாள். பார்த்தசாரதி அந்தத் தாளை வாங்கி டிராயரில் போட்டுச் சிரித்தார். மற்ற தாள்களை அவள் சுருட்டிக் கைப்பையில் வைத்ததை அவர் கண்டுகொள்ளவில்லை. "சுத்தமா டைப் அடிச்சுக் கொண்டாறேன் மாமா," என்றாள். வெளியே வந்து முருகன் படத்துக்கு முன்னால் நின்றாள், கும்பிட்டாள். கும்பிட்ட கையோடு ஆணியிலிருந்த சாவியையும் எடுத்துக்கொண்டு நடந்தாள். பார்த்தவர்கள் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள்.

செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாகப் போகும் பஸ். ஜன்னலோரம் உட்கார்ந்து வழி முழுக்க அழுதாள். எப்படிச் சொல்வது? 'உங்க விரலை எடுத்தது நான்' என்று எந்த வாயால் சொல்வது? பார்த்தசாரதி சொல்லி அவன் தெரிந்துகொள்வதை விட, தன் வாயால் சொல்லி அவன் ஓங்கி ஒரு அறை விட்டாலும் பரவாயில்லை என்று தோன்றியது.

மாமல்லபுரத்தில் பன்னீர்செல்வம் லாட்ஜ் கவுண்டரில் ஜெயக்குமார் உட்கார்ந்திருந்தான். வெள்ளைக்காரத் தம்பதி ஒன்றுக்கு இடது கையால் ரூம் சாவியைக் கொடுத்துக்கொண்டிருந்தான். வலது கை மேசைக்கு அடியில் ஒளிந்திருந்தது. அவளைப் பார்த்ததும் எழுந்தான்.

"இன்னா, சொல்லாம கொள்ளாம? அனுவுக்கு ஒண்ணும் இல்லையே?"

"அவ நல்லாகீறா." கண்ணகி சுற்றி வளைக்கவில்லை. சாவியை எடுத்துக் கவுண்டர் மேல் வைத்தாள். "அன்னிக்கு சென்சார் மேல பொட்டு வெச்சது நானுங்க. அதனாலதான் சாவி போட்டாங்க. அதனாலதான் மெஷின் நிக்கல. உங்க கைய வாங்குனது நான்."

ஜெயக்குமார் சாவியைப் பார்த்தான்.

"தெரியும்," என்றான்.

"இன்னாது?"

"தெரியும் கண்ணகி. அன்னிக்கு சாவி போட்டது நான்தான். அண்ணி வெச்சதா இருந்தாக்கூட தொடச்சிருப்பேன். அது நீ வெச்சது. நீ வெச்ச குங்குமத்தை என் கையால எப்டி அழிக்கிறது? மனசு வரல. சாவியைப் போட்டுட்டேன்."

"அப்ப குடிச்சேன்னு ஏன் ஒத்துகினீங்க?"

"ஆஸ்பத்திரிலயே அண்ணன் சொன்னாரு. சென்சாருன்னு பேச்சு வந்தா பொட்டு வெச்சது யாருன்னு வரும், உன் பொண்டாட்டி பேருதான் அடிபடும். குடின்னு சொல்லிக்க, அடுத்த மாசம் மறந்துடுவாங்கன்னாரு. உன் பேரு கெடறதுக்கு என் பேரு கெட்டா போவுதுன்னு வுட்டுட்டேன்."

அழுகையெல்லாம் எங்கே போனதோ. கண்ணகிக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறியது. ஒரே மிரட்டலைப் புருஷனிடம் ஒரு தரம், பெண்டாட்டியிடம் ஒரு தரம் விற்றிருக்கிறார் அந்த மனுஷன்! இவனோ தியாகி மாதிரி இங்கே உட்கார்ந்து சாவி கொடுக்கிறான்!

"அறிவு கீதா உங்களுக்கு? பாசமாம் பாசம்! ஒரு பொட்டை அழிக்க மனசு வரல, ரெண்டு விரலை அழிச்சுக்க மனசு வந்துச்சா? இத்தினி நாளும் அந்த மெஷின்ல ஜோஷ்வா நிக்கிறாரு. வெள்ளிக்கு வெள்ளி அதே சாவி, அதே பொட்டு. அவரு கை போனா யாரு பேரைக் காப்பாத்துறதுக்காம்?"

ஜெயக்குமாரின் தலை தொங்கிவிட்டது. பாவமாகவும் இருந்தது, ஆத்திரமாகவும் இருந்தது அவளுக்கு. கவுண்டரிலிருந்த பேனாவைப் பிடுங்கினாள். மிட்டாய்க் கம்பெனித் தாளைத் திருப்பி, வெள்ளைப் பக்கத்தில் எழுத ஆரம்பித்தாள்.

சாயங்காலம் போன் அடித்தது. பார்த்தசாரதி. ஸ்பீக்கரில் போட்டாள்.

"சாவியைத் தூக்கினு போயிட்டா பட்டறை நின்னுடுமா? யாரைக் கேட்டு எடுத்த?"

"யாரைக் கேக்கணும்? பாதுகாப்புப் பொறுப்பு நான்தான மாமா? நீங்கதான கையெழுத்து வாங்குனீங்க?"

"திமிரா? தோ பாரு, இப்பவே அவனுக்குப் போன் போடுறேன். பொட்டு வெச்சது நீன்னு ஊருக்கே சொல்றேன். வர்ற கம்பெனிக்காரனுக்கும் சொல்றேன்."

"நீங்க சிரமப்பட வேணாம் மாமா. பாலிசில முதல் வரியே அதான். படிக்கிறேன், கேளுங்க. 'இந்தப் பட்டறையில் சென்சார் கண்ணாடி மேல் பொட்டு வைத்து விபத்துக்குக் காரணமானவள் கண்ணகி ஆகிய நான். இனி அதன் மேல் யாரும் பொட்டு வைக்கக் கூடாது; யார் வைத்தாலும், எந்த சாமியைக் கும்பிடுகிறவரும் துடைக்கலாம். சாவியை ஆணியில் மாட்டியவர் பார்த்தசாரதி.' இவருகிட்டயும் சொல்லியாச்சு. பக்கத்துலதான் கீறாரு."

அந்தப் பக்கம் பேச்சில்லை. பெரியவர் வாயடைத்து நின்றதை முதல் தடவையாகக் கேட்டாள் கண்ணகி. மனசுக்குக் குளிர்ச்சியாக இருந்தது.

அந்த மௌனத்துக்குப் பின்னால் ஒரு சத்தம். டங்... டங்... டங்...

ஜெயக்குமார் வெடுக்கென்று நிமிர்ந்தான். "அது ரெண்டாம் நம்பரு."

"எப்டிங்க? அக்கா பொட்டை மறுபடி வெச்சாங்க. சாவி இதோ கீது. எப்டி ஓடும்?"

"அண்ணா!" அவன் போனைப் பார்த்துக் கத்தினான். "வயரை நேரா குடுத்துட்டியா? சென்சாரையே கழட்டிட்டியா? மெஷின்ல யாரு நிக்கிறா?"

போன் கட்டாகிவிட்டது.

கண்ணகி ஜோஷ்வாவின் நம்பரைப் போட்டாள். மணி அடித்தது, அடித்துக்கொண்டே இருந்தது. பன்னீர்செல்வத்தின் ஸ்கூட்டர் சாவியை ஜெயக்குமார் கொக்கியிலிருந்து எடுத்து அவளிடம் நீட்டினான். வலது கையால் நீட்டினான். அவள் வாங்கிக்கொண்டு ஓடினாள்.

"மறுபடி அடிங்க," என்றாள், அவன் பின்னால் ஏறியதும் வண்டியைக் கிளப்பியபடி.

"அடிக்கிறேன். எடுக்க மாட்டேன்றாரு."